சர்க்கரை மாற்றிய தட்டு

என் தங்கையின் மகனை நான் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவேன். எட்டு மாதக் குழந்தை, கண்ணெல்லாம் மஞ்சள். பிறந்த சில நாளிலேயே அவன் தோலில் துளி எடுத்து, நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் அதைக் கல்லீரல் செல்லாக மாற்றி வளர்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மருந்து அந்தச் செல்களைக் காப்பாற்றினால் டாக்டர் அவனுக்கும் கொடுப்பார். இல்லையென்றால் கையை விரித்துவிடுவார்.

குளுக்கோஸ் கலந்த திரவத்தில் செல்கள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தங்கை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. குளுக்கோஸ் இருந்தால் எந்தச் சோம்பேறிச் செல்லும் அதை அரைகுறையாக உடைத்தே வயிற்றைக் கழுவிக்கொள்ளும். காலக்டோஸ் என்கிற வேறு சர்க்கரையைக் கொடுத்தால் அந்தப் பாச்சா பலிக்காது. மைட்டோகாண்ட்ரியா என்கிற அடுப்பு எரிந்தே ஆகவேண்டும். வளர வளரக் கல்லீரல் அந்த அடுப்பை நம்பித்தான் இருக்கிறது. சுண்டெலிக்கு அடுப்பில்தான் கோளாறு.

ஒரு தட்டில் மட்டும் மருந்தை ஊற்றி, சர்க்கரையைக் காலக்டோஸாக மாற்றினேன். மறுநாள் பார்த்தால் அதில் எல்லாம் செத்து மிதந்தன. பக்கத்துத் தட்டில், யாரோ பெற்ற ஆரோக்கியமான பிள்ளையின் செல்கள் அதே காலக்டோஸில் ஜம்மென்று இருந்தன. மருந்து ஒரு மண்ணும் செய்யவில்லை.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது.

"குளுக்கோஸ்ல இருக்கறது இன்னும் நல்லா இருக்குதானே?"

"இருக்கு."

"அப்போ இவனுக்கும் குளுக்கோஸ் ஏத்தச் சொல்லுக்கா. எத்தனை பாட்டில் வேணும்னாலும் ஏத்தட்டும்."

"ஏத்திக்கிட்டுதான்டி இருக்காங்க. தட்டுல அதுங்களுக்கு ஒரு வேலையும் இல்ல, சும்மா தின்னுட்டு உக்காந்திருக்கு. உடம்புல கல்லீரல் உழைக்கணும்."

"என் பிள்ளை உழைக்க வேணாம்கா. சும்மா உக்காந்திருந்தா போதும்."

படித்ததெல்லாம் எதற்கு என்று இருந்தது.

அடுத்த வாரம் அவன் போய்விட்டான்.

வேலைக்குத் திரும்பினேன். குளுக்கோஸ் தட்டு இன்குபேட்டரின் கதகதப்பில் உயிரோடு இருந்தது. ஆராய்ச்சி முடிந்தது, தூக்கிப் போடு என்றார் பேராசிரியர். அவரை நாலு அறை அறையலாம் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம்தான். செல்களைக் கொல்ல பிளீச் ஊற்றினேன். கையுறையைக் கழற்றுவதற்குள் தங்கை போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, அதுங்களுக்கு இன்னைக்குச் சாப்பாடு வெச்சுட்டியா?"

"வெச்சுட்டேன்டி," என்றேன்.