சாயங்கால மாத்திரைகள்

என் நோட்டைப் பார்த்து ஆஸ்பத்திரியே மெச்சியது. முப்பது வருஷம் கெர்கென்னாத் தீவுக்கும் ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கும் நடுவே ஓடுகிற படகில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், கோடு போட்டு, தேதி போட்டு, காலை இரண்டு, மாலை இரண்டு என்று மாத்திரைக்கு மாத்திரை குறி வைத்திருந்தேன். நர்ஸ் இஷ்ராஃப் அதை மற்ற நோயாளிகளின் வீட்டாருக்குத் தூக்கிக் காட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நோட்டில் பாதி பொய் என்று அப்போது எனக்கே தெரியாது.

மாத்திரை என் மனைவி நஸீஹாவுக்கு. அவளுக்கு வந்திருந்தது அந்தப் பொல்லாத நோய். எங்கள் தீவில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. நுரையீரலில் தொடங்கி முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. வழக்கமான மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு டாக்டர் சவ்ஸன் எங்களை உட்காரவைத்துப் பேசினார். ஒளிவுமறைவு இல்லாத பெண்மணி.

"இது இன்னும் கடைக்கு வராத மருந்து. வேலை செய்யுமான்னு நாங்களே இப்பத்தான் பாத்துக்கிட்டிருக்கோம். உறுதின்னு ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சம்மதப் பத்திரம் பத்தொன்பது பக்கம். பக்கத்துக்குப் பக்கம் நஸீஹா கையெழுத்துப் போட்டாள். கை வலித்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"உன்னைக் கட்டிக்கிட்டப்ப ஒரே ஒரு கையெழுத்துதான் கேட்டாங்க, மனுஷா. இந்த மாத்திரை உன்னைவிட ஆபத்து போல."

டாக்டரே சிரித்துவிட்டார். இஷ்ராஃப் மட்டும் சிரிக்காமல் விதிகளைச் சொன்னாள். காலை ஏழுக்கு இரண்டு, மாலை ஏழுக்கு இரண்டு, சாப்பிட்ட உடனே. நாலு வாரத்துக்கு ஒருமுறை புட்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், மிச்சத்தை எண்ணுவார்கள். வேறு யாரும் அதைச் சாப்பிடக் கூடாது. "இதை யாரும்மா கேக்கப் போறா, இது என்ன மிட்டாயா?" என்றேன் நான். என் வாய் எப்போதும் அப்படித்தான்.

அதே வாரம் அதே ஆஸ்பத்திரிக்கு வஸீலாவும் வந்திருந்தாள். எங்களுக்கு அடுத்த வீடு. முப்பத்து நாலு வயது, மூன்று குழந்தைகள், புருஷன் சிசிலியில் மீன்பிடிப் படகில். அவளுக்கும் அதே நோய், அதே இடத்தில். ஆனால் இதயப் பரிசோதனை சரியில்லை என்று அவளை இந்த மருந்து ஆய்வில் சேர்த்துக்கொள்ளவில்லை. மூவரும் ஒரே படகில்தான் தீவுக்குத் திரும்பினோம். வழியெல்லாம் நஸீஹாவின் பையை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "நீங்க உட்காருங்க, பெரியப்பா, பையை நான் பாத்துக்கறேன்" என்றாள். நஸீஹா கடலைப் பார்த்தபடி வந்தாள்.

எங்கள் ஊரில் சமையல் வாசனை எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக்கு ஒரு தட்டும் போகவேண்டும். வாங்கிய தட்டை யாரும் வெறுமனே திருப்பித் தருவதும் இல்லை. பேய்க்கணவாய் போட்ட குஸ்குஸ் போனால் அத்திப்பழம் வரும், அத்திப்பழம் போனால் பார்லி ரொட்டி வரும். நாற்பது வருஷமாக அந்தச் சுவருக்கு அப்பாலும் இப்பாலும் தட்டுகள் போய்வந்தபடிதான் இருந்தன. அதனால் தினமும் மாலையில் வஸீலா தட்டோடு வருவதை நான் கவனிக்கவே இல்லை. மாலை ஏழு மணி எனக்குச் சீட்டாட்ட நேரம் வேறு. துறைமுகத்துக் காபிக்கடையில் உட்கார்ந்து ஏழு அடித்ததும் நஸீஹாவுக்குப் போன் செய்வேன். "போட்டாச்சா?" "போட்டாச்சு, மனுஷா." வீட்டுக்கு வந்து நோட்டில் குறி வைப்பேன்.

முதல் ஸ்கேனில் கட்டி வளரவில்லை. நான் படகிலிருந்த அத்தனை பேருக்கும் காபி வாங்கிக்கொடுத்தேன். இரண்டாம் மாதக் கடைசியில்தான் இஷ்ராஃப் என்னைத் தனியே அழைத்தாள்.

"ஐயா, ரத்தத்துல மருந்து இருக்க வேண்டிய அளவுல பாதிதான் இருக்கு. வாந்தி எடுக்கறாங்களா?"

"இல்லையே."

"அப்ப சாயங்கால மாத்திரையும் உள்ள போகுதான்னு பாருங்க."

அன்று மாலை காபிக்கடைக்குப் புறப்பட்டவன் தெருமுனையிலிருந்து திரும்பிப் பின்வாசல் வழியே வந்தேன். வஸீலா அடுப்படியில் நின்றிருந்தாள். நஸீஹா கழுவித் துடைத்த தட்டை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். தட்டில் நாலு பாதாம். பாதாமுக்கு நடுவே இரண்டு மாத்திரை.

வஸீலா தட்டை வாங்கவில்லை. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு என்னைக் கடந்து ஓடினாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"முதல் வாரத்திலேருந்து."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"கத்தாதே. சுவர் மெல்லிசு."

"கேக்கட்டும்! ஊரே கேக்கட்டும்! அவளுக்கு இதயம் தாங்காதுன்னு சொன்னாங்கல்ல?"

"இதயம் தாங்காதாம். இந்த நோயை மட்டும் தாங்குதாக்கும்? அவ கடைக்குட்டிக்கு இன்னும் பால்பல்லே விழலை. எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சு. பங்கு வச்சா ரெண்டு பேருக்கும் கொஞ்ச நாள் கிடைக்காதான்னு பாத்தேன்."

"இது என்ன ரொட்டியா, பிச்சுக் கொடுக்க?"

"அப்ப அவ அந்தப் பக்கம் இருமிக்கிட்டிருந்தா, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து முழுங்கணும். தொண்டையில இறங்கலை, மனுஷா. நான் என்ன பண்ணட்டும்?"

எனக்கு இன்னும் நூறு வசவு தெரியும். துறைமுகத்தில் கற்றவை. ஒன்றும் வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஊர்ல எல்லார் பசியும் உனக்குத் தெரியுது," என்றேன். "நான் இந்த வீட்டுக்குள்ளதானே இருக்கேன். நீ போயிட்டா நான் என்ன ஆவேன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் நினைச்சியா?"

மூக்கு ஒழுக, சின்னப் பையன் மாதிரி அழுதேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டிலிருந்த இரண்டு மாத்திரையையும் எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"சரி. நீ சொல்றபடியே. ஆனா அவகிட்ட நீதான் சொல்லணும். என்னால முடியாது."

மறுநாள் ஏழு மணிக்கு வஸீலா வந்தாள். என்ன நினைத்து வந்தாளோ, கையில் தட்டு இல்லை. நான் வாசலை மறித்தாற்போல் நின்றேன்.

"மருந்தைக் குறைச்சுட்டாங்க, வஸீலா. ஒரு ஆளுக்கே போதலை."

என் தோளுக்குப் பின்னால் மேஜையில் புட்டி இருந்தது, கழுத்துவரை நிறைய. அவள் அதைப் பார்த்தாள். நான் பொய் சொல்வதைப் பார்த்தாள்.

"அல்லா அவங்களைக் குணமாக்கட்டும், பெரியப்பா. இத்தனை நாள் கொடுத்ததே பெரிசு."

திட்டியிருக்கலாம். ஒரு பிடி மண்ணை வாரி என் மேல் தூற்றியிருக்கலாம். வீட்டுக்குள் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

சீட்டாட்டத்தை விட்டேன். தினமும் ஏழு மணிக்கு நஸீஹாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் வாரம் அவள் கேலி செய்தாள். "நாக்கைத் தூக்கிக் காட்டட்டுமா, போலீஸ்காரரே?" முழு மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் கேலி நின்றது. வாயெல்லாம் புண். உள்ளங்கையில் தோல் உரிந்தது. ராத்திரியில் நாலு தடவை அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டேன். பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கரண்டியால் ஊட்டினேன். "இது நல்லதுக்குத்தான், மருந்து இப்பத்தான் வேலை செய்யுது" என்று அவளிடம் சொன்னேன். எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

சுவருக்கு அப்பால் இருமல் கேட்டது. அது கேட்கும்போதெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு காலை பெண்களின் அழுகுரல் கேட்டது. ரேடியோ வைக்கவில்லை நான். நஸீஹா எழுந்து உட்கார்ந்து முக்காட்டைக் கேட்டாள். நிற்க முடியாதவள், இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு போய் வஸீலாவின் உடலைக் குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் ஊற்றினாள். திரும்பி வந்து ஏழு மணிக்குத் தானே புட்டியைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து ஸ்கேன். நோய் கல்லீரலுக்குப் போயிருந்தது. நஸீஹாவை வெளியே சாய்வு நாற்காலியில் விட்டுவிட்டு நான் மட்டும் டாக்டரின் அறைக்குள் போனேன். ஆய்விலிருந்து அவளை எடுத்துவிட்டதாகச் சொன்னார். இனி வலிக்கு மட்டும் மருந்து. கடைசியில் என் நோட்டைக் கையில் எடுத்தார்.

"உங்களை மாதிரி யாரும் எழுதலை. பின்னால வர்றவங்களுக்கு இது உதவும்."

அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குத் தெரியாத எவனோ ஒருவனின் பெண்டாட்டிக்கு என் பொய்யை வைத்து மருந்து அளப்பார்கள். இனி இழக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, பாதாம், இரண்டு மாத்திரை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை.

டாக்டர் வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு இதயம் நின்னு அங்கேயே விழுந்திருந்தா?"

"விழலை, டாக்டர்."

"இப்ப எங்கே?"

"போன வாரம் போயிட்டா. நோயில."

"நஸீஹாவுக்கு முதல்லேருந்து மருந்து முழுசா போயிருந்தா தேறியிருப்பாளா?" என்று நானே கேட்டேன்.

"தெரியாதுய்யா. பொய் சொல்ல மாட்டேன். தெரியாது." பேனாவை எடுத்தார். "அந்தப் பொண்ணு சாப்பிட்ட ரெண்டு மாசம் எப்படி இருந்தா?"

வாயைத் திறந்தேன். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். மே மாதம் அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்தினாள். கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தாள். இருமலே கேட்கவில்லை. நான்கூட ஒருநாள் காபிக்கடையில், "வஸீலா தேறிட்டா, எங்க வீட்டு குஸ்குஸ் அப்படி" என்று பெருமை பேசினேன். இருமல் திரும்பியது ஜூனில். நான் வாசலில் நின்ற பிறகு.

"நல்லா இருந்தா," என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

படகில் நஸீஹாவை எனக்குத் தெரிந்த பழைய ஆட்கள் நிழலில் படுக்கவைத்தார்கள். அவள் தலை என் மடியில். பாதிக் கடல் தாண்டியதும் கண்ணைத் திறந்தாள்.

"வஸீலாவைப் பத்திச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அவளுக்கு மருந்து கேட்டுக்கிட்டிருந்தது, மனுஷா. எனக்குத்தான் இல்லை. என் உடம்பு எனக்குத் தெரியாதா? ஏப்ரல்லேயே தெரியும்."

"தெரிஞ்சுமா? அப்புறம் ஏன் என் பேச்சைக் கேட்டே? ஏன் எல்லாத்தையும் நீயே முழுங்கினே?"

உரிந்த கையால் என் முழங்காலைத் தடவினாள்.

"நீ அழுதே. முப்பத்தெட்டு வருஷத்துல நீ அழுது நான் பாத்ததில்லை."

அதன் பிறகு தூங்கிவிட்டாள். கரை வந்ததும் அவளைக் கையில் ஏந்திக்கொண்டு இறங்கினேன். காய்ந்த பனையோலை அளவுதான் கனம். வஸீலாவின் வாசலைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். வாசலில் மூன்று குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.