மஞ்சப்பைக்குள் கிரீடம்

வெங்கடபதிக்கு ராஜா வேஷம் புதிதல்ல. ஆர்.எஸ்.புரம் நாடகக் குழுவில் இருபது வருடமாக அவர்தான் ராஜா. மில் மேனேஜர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வணக்கம் வைக்க ஆள் குறைந்துபோன காலத்தில், அந்த அட்டைக் கிரீடம்தான் மனிதரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது. அதையும் பிடுங்கிவிட்டாள் புது இயக்குநர் லோகப்பிரியா.

"பழைய நாடகந்தானுங்க, வசனம் ஒண்ணும் மாத்தலை. உடுப்பு மட்டும் இன்னைக்கு நம்மூர்ல போடறது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி போட்டுட்டு, சனங்களுக்கு நடுவால வாசல்ல இருந்து நடந்து வாரீங்க."

"ஏனம்மணி, கிரீடமில்லாம வந்தா என்னைய ராஜான்னு எவன் நம்புவான்? சீட்டுத் தேடறவன்னு நெனச்சுப்போடுவாங்க."

"நம்புவாங்க, வாங்க" என்றாள் அவள். அழுத்தக்காரி.

அவர் மட்டும் லேசுப்பட்டவரா? நாடகத்தன்று கிரீடத்தை ஒரு மஞ்சப்பையில் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டார். கடைசி நொடியில் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுவது என்று திட்டம். அப்புறம் மேடையேறி வந்தா கழற்றுவாள்?

அரங்கில் விளக்குகளை அணைக்கவில்லை. மந்திரிகள் பேன்ட் சட்டையில் மேடை மேல் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். நாடகம் தொடங்கிவிட்டது என்றே சனங்களுக்குத் தெரியாது.

வெங்கடபதி வாசலில் நின்று பைக்குள் கையை விட்டார். அதற்குள் மந்திரிகள் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் ஒருவர் தாமதமாக வந்தால் நம்மூர்க் கூட்டம் என்ன செய்யும்? சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று முன்வரிசை எழுந்தது. முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசையும் எழுந்தது. போனில் பேசிக்கொண்டிருந்த ஒருவர் போனை மறைத்துக்கொண்டு கும்பிட்டார்.

ராஜா பையைக் கதவோரம் வைத்துவிட்டு நடந்தார். மேடையேறி முதல் வசனத்தைச் சொன்ன பிறகுதான் அரங்கம் விஷயம் புரிந்து சிரித்தது. ஆனால் எழுந்தது எழுந்ததுதானே. வெங்கடபதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கடைசிக் காட்சியில் ராஜா நாட்டை இழந்து, ஊர் ஊராக அலைந்து, அதே வழியாகத் திரும்பி வரவேண்டும். வாசலுக்குப் போனபோது பை அங்கேயே கிடந்தது. அலைகிறவன் கையில் ஒரு பை இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். வேட்டி கசங்கி, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

இந்த முறை ஒருவரும் எழவில்லை. காலைக் கொஞ்சம் உள்ளிழுத்து வழிவிட்டார்கள், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற மறுவாரம் அவர் மில் வாசலில் போய் நின்றபோதும் இப்படித்தான் இருந்தது. நடுவழியில் கால் தயங்கி நின்றுவிட்டது. அது நடிப்பில்லை.

ஓரத்தில் இருந்த ஒரு பெண்மணி பக்கத்துச் சீட்டிலிருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"களைச்சுப்போய் வந்திருக்கறீங்க. சித்த உக்காருங்கய்யா. தண்ணி குடிக்கறீங்களா?"

நாடகத்தில் இல்லாத சீட்டு அது. வெங்கடபதி உட்கார்ந்து, அவர் நீட்டிய பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு கடைசி வசனத்தை அங்கிருந்தே, அந்த அம்மாளிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். அரங்கில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

அவர் மடியிலிருந்த மஞ்சப்பைக்குள் கிரீடம் வயிற்றில் குத்திக்கொண்டே இருந்தது. அதை எடுத்து மாட்டிக்கொள்ளும் நினைப்பே அவருக்கு வரவில்லை.