பங்களா மரத்துக் காட்டு அன்னாசி

ட்ரினிடாட் மலையில், மார்செல் துரையின் கொக்கோத் தோட்டத்தில், பங்களாவைச் சுற்றி நின்ற நிழல்மரங்களை மட்டும் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. மரத்துக்கு மரம், கிளையிலேயே ஒட்டி வளரும் காட்டு அன்னாசிச் செடி அப்பிக்கிடக்கும். ஒவ்வொரு செடியின் இலை மடிப்பிலும் ஒரு செம்பு தண்ணீர் நிற்கும். காய்ச்சல் கொசு அந்தத் தண்ணீரில்தான் பிறக்கிறது என்று சர்க்கார் ஆட்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

மரமேறி பிசூன் கொக்கிக் கழியால் அத்தனையையும் இழுத்துத் தள்ளினான். கீழே விழுந்ததை எங்கே கொட்டுவது என்று கங்காணி ஹர்லாலைக் கேட்டான்.

"லயத்துக்குப் பின்னாடி கொட்டுடா. வேற எங்க, துரை கட்டில்லயா?"

கூலிக் குடும்பங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கொட்டினான். பிடுங்கினால் சாகிற செடியா அது? மண்ணே கேட்காது. குவியலாகக் கிடந்தபடியே நிமிர்ந்துகொண்டது. மழை பெய்ததும் இலையெல்லாம் நிரம்பியது. தவளைகூடக் குடிவந்தது. பிசூனின் மகள் ஜான்கி அந்தத் தவளைகளைப் பிடித்துத்தான் பொழுதெல்லாம் விளையாடினாள். காய்ச்சல் வந்து, சாக்குகளைப் போர்த்தியும் நடுக்கம் நிற்காமல் செத்துப்போனாள்.

புதைத்த கையோடு பிசூன் பங்களா வாசலில் போய் நின்றான். "துரை, அந்தக் குவியல வேற எங்கியாவது அள்ளிப் போடச் சொல்லுங்க. லயத்துல இன்னும் புள்ளைங்க இருக்கு."

"காய் பறிக்கிற நேரத்துல குப்பை அள்ள ஆளுக்கு எங்க போறது? போய் வேலையைப் பாரு."

பிசூன் தலையை ஆட்டிவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை துரை மாதா கோயில் பூசைக்குப் போனதும், குவியலில் இருந்த செடிகளைக் கூடையில் சுமந்து பங்களா மரங்களில் ஏறினான். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் மேலே, கிளைக் கவட்டில் ஒவ்வொன்றாக உட்காரவைத்துச் சாக்கு நாரால் இறுக்கிக் கட்டினான். அடுத்த ஞாயிறும் ஏறினான். லயத்துக் குவியல் கரைந்தது. துரையின் தலைக்குமேல் காடு மறுபடி ஏறியது. செடிக்குப் பழைய இடமே கிடைத்ததுபோல, வேர் விட்டுக் கிளையைப் பற்றிக்கொண்டது. அதைப் பார்த்தபோது, மகள் போனதற்குப் பிறகு முதல் தடவையாகப் பிசூனுக்குச் சோறு இறங்கியது.

ஒருநாள் ஹர்லால் அண்ணாந்து பார்த்தான்.

"ஏண்டா, இத நீ மொட்டையடிச்சேல்ல?"

"விதை காத்துல வந்திருக்கும் அண்ணே."

"வந்து ஒரு மாசத்துல ஆள் ஒசரம் வளந்திருச்சா? நல்ல காத்துதான்." ஹர்லால் வெற்றுத் தரையில் துப்பினான். அவன் பையனும் லயத்தில் காய்ச்சலோடுதான் கிடந்தான். "நீ ஏறுனத நான் பாக்கல. நான் கேட்டத நீயும் மறந்துரு."

அடைமழை பிடித்தது. துரை காய்ச்சலில் விழுந்தார். பாதை அரித்துப்போனதால் கார் மேலே வரவில்லை. டோலி கட்டித்தான் கீழ்ரோட்டுக்குத் தூக்க வேண்டும். முன்கழியைப் பிசூன் கேட்டு வாங்கிக்கொண்டான். பின்னால் ஹர்லால்.

பாதி இறக்கத்தில், துரை நடுங்கிய நடுக்கத்தில் டோலி முழுக்க ஆடியது.

"குளுருது... இன்னொரு கம்பளி..."

"எம் பொண்ணுக்கும் இப்பிடித்தான் துரை நடுங்குச்சு."

"எந்தப் பொண்ணு?"

பிசூன் நின்றான். இத்தனை நாள் மரமேறியது இந்த ஆளை நடுங்கவைக்கத்தான். நடுங்குகிறார். எதற்காக என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய், குணமாகி, ஒன்றும் தெரியாமலே திரும்பி வந்துவிடுவார். பிசூன் கழியைத் தோளிலிருந்து இறக்கி ஈரப் பாறையில் வைத்தான். பின்னால் ஹர்லால் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தன் பக்கத்தையும் இறக்கினான்.

"ஜான்கி," என்றான் பிசூன். "நீங்க அள்ள மாட்டேன்னு சொன்ன குப்பைக்குப் பக்கத்துல செத்தவ. அத இப்ப உங்க தலைக்கு மேல கட்டிவச்சது நான். பேரச் சொல்லுங்க. சொன்னாத்தான் டோலி நகரும்."

துரை ஹர்லாலைப் பார்த்தார். ஹர்லால் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜா... ஜா..."

"முழுசா."

பல் கிட்டித்தது. நாக்குப் புரள வெகுநேரம் ஆயிற்று. "ஜான்கி."

"கேக்கல. இன்னொரு தடவ," என்றான் பிசூன்.