பாதியில் நின்ற கை

மெஹ்ஜபினுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தோள்பட்டை கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. கெஞ்சாமல் என்ன செய்யும்? ஷிப்மென்ட் அவசரம் என்று வாரம் முழுக்க பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் ஒன்றரை ஷிப்ட் நின்றவள். துணியை எடு, விரி, புரட்டு, போடு. அதே கையால்தான் இப்போது சாஃப்ட்பால் வீச வேண்டும். கையை யாரிடமாவது இரவலா கேட்க முடியும்?

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் கம்பெனிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு மைதானத்தில், மாவட்டத்தின் கடைசி ஆட்டம். எதிரே குன்னத்தூர் அணி. இரண்டு பக்கமும் எல்லாப் பெண்களும் பனியன் வேலைக்குப் போகிறவர்கள். ஜெயிக்கிற அணியில் பந்து வீசும் பிட்சருக்கு மாநிலப் போட்டியில் இடம். அது கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டு வாங்கிவிடலாம். கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லிவிடுவேன் என்று அம்மா குல்சார் பேகம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். பொல்லாத அம்மா ஒன்றும் இல்லை. பிளஸ் டூ முடித்த மகளை இத்தனை காலம் பந்து வீச விட்டதே பெரிது. அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளும் அலுத்துப்போயிருந்தாள், பாவம்.

கடைசி இன்னிங்ஸ். ரன் சமம். குன்னத்தூர்க்காரிகள் மூன்று பேஸிலும் நின்றார்கள். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருத்தியை அவுட் ஆக்கினால் ஆட்டம் நீளும், அதாவது இன்னும் வீச வேண்டும். ஆக்காவிட்டால் எல்லாம் முடிந்தது. நல்ல பிழைப்பு.

பேட்டோடு வந்தவள் கீர்த்தனா. ஓவர்லாக் மெஷினில் உட்காரும் டெய்லர். பல ஆட்டங்களில் எதிரே நின்றதில், மெஹ்ஜபினின் மணிக்கட்டு எப்போது எப்படித் திரும்பும் என்று அவளுக்கு அத்துப்படி. வேகமாக வீசினால் நுனியில் தட்டி வெளியே விட்டாள். மெதுவாக வீசினால் காத்திருந்து வெளியே விட்டாள். அவுட்டும் ஆகாமல், அடித்துத் தொலைக்கவும் மாட்டாமல் உயிரை வாங்கினாள். நடுவில் மூன்று பந்து மெஹ்ஜபினுக்குத் தவறிப் போயின. இன்னும் ஒன்று தவறினால் கீர்த்தனா சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போவாள், மூன்றாவதில் நிற்பவள் ‘வீடு’ எனும் கடைசி பேஸுக்கு வந்து ரன் எடுப்பாள், ஜெயம் குன்னத்தூருக்கு.

கீர்த்தனாவும் பேட்டைத் தரையில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“கை வலிக்குதா புள்ள?”

“உனக்கு வலிக்கலியா?”

“தலைய நிமுத்த முடியல. போடு புள்ள, சீக்கிரம் ஊட்டுக்குப் போலாம்.”

மெஹ்ஜபினுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எனக்கு வீட்டில் என்ன காத்திருக்கிறது என்று இவளுக்கு எங்கே தெரியும்! பந்தை இறுக்கிப் பிடித்தாள். வலி போன இடம் தெரியவில்லை. இந்த ஒன்று சரியாக விழும் என்று உடம்பே சொன்னது. கையைச் சுழற்றினாள். கை தலைக்கு மேலே போனபோது ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்த பக்கத்துக் கம்பெனியில் டீ டைம் மணி அடித்தது.

கை நின்றுவிட்டது.

அவள் நிறுத்தவில்லை, அதுவாக நின்று, அதுவாக இறங்கியது. கீர்த்தனாவின் பேட்டும் இறங்கியது. பின்னால் நின்ற பெண்கள் கையுறையைக் கழற்றி இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது பேஸ்காரி கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிச் சொடுக்கெடுத்தாள். ஒரு நிமிஷம் மைதானத்தில் அப்படியொரு சுகம்.

அம்பயர் லிங்கசாமி விசிலை ஊதினார். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் அவர். வீச ஆரம்பித்த கை நடுவில் நிற்கக்கூடாது. நின்றால் அது தவறிய பந்து. சட்டம் அதுதான். கீர்த்தனாவை முதல் பேஸுக்குப் போகச் சொல்லிக் கைகாட்டினார். மூன்றாவது பேஸ்காரியையும் அதட்டித்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஜெயித்தவர்களில் ஒருத்திகூடக் குதிக்கவில்லை. பேட்டைப் போட்டுவிட்டு நடந்த கீர்த்தனா மெஹ்ஜபின் பக்கம் திரும்பவே இல்லை.

காலேஜ் போயிற்று. மெஹ்ஜபினுக்கு அழுகைகூட வரவில்லை, அசதிதான் வந்தது.

லிங்கசாமி நல்ல மனுஷர். பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“அருமையாப் போட்டுட்டிருந்தியே கண்ணு. சுத்துன கைய எதுக்கு நிறுத்துன?”

“மணி அடிச்சுதுங்க சார்.”

“மணியா?” அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். “எந்த மணி?”

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே கேட்டிருக்கவில்லை.