காரணம்: இப்பிரிவுக்கு வெளியே

ஆய்வு அலுவலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. எதை அளக்கிறார்களோ அதுவே பெயர். காற்றை அளக்கிறவன் தூசி. மரங்களை எண்ணுகிறவர் இலை. இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர் மண்ணு. அவள் தண்ணி.

மலைமேல் இருந்த கல்குவாரியின் உரிமம் அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் நான்கு பிரிவின் அறிக்கைகளும் மேலிடத்துக்குப் போய்விட்டால் இன்னும் பத்து வருடம். மூன்று தயார். தண்ணீர் அறிக்கை மட்டும் அவள் மேசையில் கிடந்தது.

மதியம் தங்கை ஃபோன் செய்தாள். மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டிய தெருவில் அவள் வீடு. போன மழைக்குச் சேறு சமையலறை வரை வந்திருந்தது.

“அக்கா, கையெழுத்து போட்டுட்டியா?”

“இன்னும் இல்ல.”

“போட்டா சொல்லிடு. மூட்டை கட்டி வச்சிருக்கேன், கிளம்பிடறேன். அடுத்த மழைக்குக் கட்டில் வரைக்கும் வரும்.”

“வராது. வை.”

கோப்புத் தட்டிலிருந்து மற்ற மூன்று தாள்களையும் எடுத்துவந்தாள். படிவத்தின் கடைசிக் கட்டம், காரணம். மூவரும் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: இப்பிரிவுக்கு வெளியே. அலுவலகத்தில் அது பழக்கம். பதினோரு வருடமாக அவளும் அதைத்தான் எழுதிவந்தாள்.

பொய் யாரும் எழுதவில்லை. இலைமேல் தூசி படிந்து மரங்கள் பட்டுப்போயின; தூசி மரப் பிரிவில் சேராது. வேர்ப் பிடிப்பு இல்லாமல் சரிவு இளகிவிட்டது. வேர் மண் பிரிவில் சேராது. மண் வந்து விழுந்து ஆற்றுப் படுகை ஒரு முழம் உயர்ந்துவிட்டது. மண் தண்ணீரில் சேராது.

தூசியின் தாளில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. குவாரி மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தூசி குறைவதில்லை.

அவனிடம் போனாள்.

“ஞாயித்துக்கிழமை வெடி கிடையாதே. தூசி எங்கேருந்து வருது?”

“அதான் தெரியல அக்கா. மிஷினை ரெண்டு தடவை கழட்டி மாட்டிட்டேன். அது மேல தப்பில்ல.”

“மண்ணு அறிக்கையைப் படிச்சியா?”

“அது அவரோட தாளு. நான் எதுக்குப் படிக்கணும்?”

அவள் தாளை நீட்டினாள். நின்றபடியே படித்தான். உட்கார்ந்து மறுபடி படித்தான்.

“மொட்டைச் சரிவு,” என்றான். “காத்தடிச்சா அதுவே கிளம்புது. போய் மிச்சமிருக்கிற மரத்துல உக்காருது.”

“அப்புறம்?”

“அந்த மரமும் போகும். அந்தச் சரிவும் போகும்.” நிறுத்தினான். “இன்னிக்கே குவாரியை மூடினாலும் உடனே நிக்காது போலிருக்கே.”

“இன்னும் பத்து வருஷம் கேக்கறாங்க.”

அவன் பேனாவை எடுத்துப் பழைய வரியை அடித்தான். குவாரி என்று எழுதினான். பக்கத்தில், மண் தாளையும் பார்க்க.

இலை ஒன்றும் கேட்கவில்லை. காற்றுத் தாளைப் பார்க்க என்று எழுதிக் கொடுத்தார். மண்ணுதான் பேனாவைத் தொடவில்லை.

“எனக்கு ரெண்டு வருஷம்தாம்மா பாக்கி.”

“நீங்க அளந்ததை மாத்தச் சொல்லல சார். அடுத்த தாளோட பேரை எழுதுங்க. போதும்.”

“அதுதாம்மா ஆபத்து.”

“தெரியுதுல்ல?”

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு எழுதினார்: மரத் தாளைப் பார்க்க.

“என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். புரியுதா?”

“நல்லாவே புரியுது.”

தன் தாளில் அவள் மண் தாளைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டாள். அலுவலகத்தில் தாள்களைக் குண்டூசியால் குத்துவதுதான் வழக்கம், வேண்டாததை உருவிக்கொள்ளலாம். அவள் கோப்பு தைக்கும் ஊசியில் நூல் கோத்து, நான்கையும் விளிம்பு முழுக்க நெருக்கமாகத் தைத்தாள்.

நான்கு மணிக்குச் சற்று முன் அதிகாரியின் அறைக்குள் போனாள்.

“என்ன இது, தலையணை உறையா?”

“அறிக்கை சார்.”

“தனித்தனியாத்தானே கொடுக்கணும்?”

“தனித்தனியா கொடுத்துத்தான் பதினோரு வருஷம் ஓடிடுச்சு.”

“நூலைப் பிரி.”

“நீங்க பிரிங்க. தாள் கிழியும். கிழிஞ்சா நான் இன்னொரு தடவை கையெழுத்து போடமாட்டேன்.”

அதிகாரி கத்தரிக்கோலை எடுத்தார்.

“அனுப்பினா நாலையும் சேர்த்துப் படிப்பாங்க,” என்றாள். “அனுப்பலைன்னா அஞ்சு மணிக்கு உரிமம் முடியுது. எனக்கு எதுவானாலும் சரி.”

“உன் வேலை போயிடும்.”

“போகட்டும்.”

குவாரியில் நான்கு மணி வெடி. அந்த நேரத்தில் அலுவலகமே டம்ளரைப் பிடித்துக்கொள்ளும். அதிகாரி கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு டம்ளரைப் பிடித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. தைத்த தாள்கள்மேல் மெல்லிய தூசி இறங்கியது. அவர் துடைக்கக் கை நீட்டினார்.

“துடைக்காதீங்க சார். அதுவும் அறிக்கைல சேரும்.”

கதவு திறந்தது. மண்ணு தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் தூசியும் இலையும்.

“நான் இங்கேயே உக்காந்துக்கறேன் சார். மூட்டு வலி.”

அதிகாரி நால்வரையும் பார்த்தார். கத்தரிக்கோல் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

அவளுடைய ஃபோன் அடித்தது. தங்கை. அவர் எதிரிலேயே எடுத்தாள்.

“மூட்டையைப் பிரி,” என்றாள்.