ஒன்பதாவது சுற்று

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பக்கத்து நாற்காலிக்காரி சொன்னது. வில்லுக்கு நாண் கட்டுவது அவள் தொழில். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோங்க. ஆனா என்னை நல்லவளாக்கிடாதீங்க" என்றாள்.

அங்கேதான் சிக்கல். நல்லவர்களை எழுதத்தான் எனக்குக் கை வரும்.

2

முதல் தொடக்கம்: "நாண் என்பது வில்லின் உயிர்." (அடித்துவிட்டேன். நாண் என்பது நூல்.)

இரண்டாவது: "பட்டறை ஜன்னல் வழியே இளவெயில்..." (வெயில் எல்லார் கதையிலும்தான் அடிக்கிறது. போகட்டும்.)

மூன்றாவது நிற்கும்: நீண்ட பலகையில் இரண்டு முளைகள். அவற்றைச் சுற்றி நூலை ஒன்பது முறை ஓட்டினால் பதினெட்டு இழை. இரு முனையிலும் வில்லில் மாட்ட வளையம். இழைகள் பிரியாமலிருக்க மெழுகு. நடுவில், அம்பு உட்காரும் இடத்தில், இன்னொரு நூலை நெருக்கிச் சுற்ற வேண்டும். அம்பின் வால்பிளவு அங்கே 'டிக்'கென்று கவ்வ வேண்டும். இறுகினாலும் தப்பு, தளர்ந்தாலும் தப்பு. இழை குறைந்தால் நாண் மெலிந்து அந்தப் பிடி தளரும்.

3

அவளுடைய தங்கை வில்வீராங்கனை. தேசிய அணியில் ஒரே ஓர் இடம் காலி. அதற்குத் தங்கையும், தங்கை 'ஒட்டடைக்குச்சி' என்று பட்டம் வைத்திருந்த ஒரு நெட்டைப் பெண்ணும் மோதினார்கள். தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது நெட்டைப் பெண்ணின் நாணில் ஓர் இழை அறுந்தது. நேரே அக்காவிடம் வந்துவிட்டாள். நாண் கட்ட ஊரில் வேறு ஆளில்லை.

தங்கை குதித்தாள். "அவளுக்குக் கட்டிக் குடுக்கப் போறியா?"

"தொழில்டி."

"அப்ப நான் யாரு?"

 அன்று மதியம், நெட்டைப் பெண்ணின் நாணுக்கு நூல் ஓட்டும்போது, எட்டாவது சுற்றோடு அக்காவின் கை நின்றது.

(இங்கே "கவனப்பிசகாக" என்று எழுதியிருந்தேன். போனில் படித்துக் காட்டியபோது கோபித்துக்கொண்டாள். "பிசகெல்லாம் இல்லீங்க. தெரிஞ்சேதான் விட்டேன்." ஆகவே: தெரிந்தேதான் விட்டாள்.)

4

மறுநாள் நெட்டைப் பெண் நாணில் அம்பைப் பொருத்திப் பார்த்தாள். நழுவியது.

"அக்கா, கொஞ்சம் லூசா இருக்கே. போகப் போகச் சரியாயிடுமா?"

'ஆயிடும்' என்ற ஒரு சொல் போதும். அந்தப் பெண் நம்பத் தயாராக இருந்தாள். அக்காவால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

"சரியாகாது. ஒரு சுத்து குறைச்சிட்டேன். வேணும்னேதான்."

(இந்த இடத்தில் நெட்டைப் பெண்ணை அழவைத்து ஒரு பத்தி, கத்தவைத்து ஒரு பத்தி எழுதினேன். இரண்டும் பொய்.)

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கட்டுங்க. நான் எண்ணுறேன்."

அக்கா பழையதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக நூலை ஓட்டினாள். அந்தப் பெண் உரக்க எண்ணினாள். ஒன்பது என்று சொன்ன பிறகுதான் தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

5

தேர்வில் இருவருக்கும் சமப் புள்ளி. ஆளுக்கு இன்னும் ஓர் அம்பு. நடுவுக்கு நெருங்கியவர் அணியில். தங்கையின் அம்பு இலக்கின் நடு மஞ்சள் வட்டத்தில் பாய்ந்தது. மற்றவளுடையது அதைவிட ஒரு நகக்கண் அளவு உள்ளே.

கைகுலுக்கும்போது ஒட்டடைக்குச்சி தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அக்காவைப் புகழ்வதாக நினைப்பு.

தங்கை நேரே பட்டறைக்கு வந்தாள்.

"குறைச்சது எனக்காகவா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் மாத்தினே?"

"அவ என்னை நம்பினாடி."

தங்கை பலகையிலிருந்த நூல்கண்டைக் கையில் எடுத்தாள். பிறகு சொன்னாள்:

"இனிமே என் நாணை நானே கட்டிக்கிறேன்."

6

சண்டை, சமாதானம், பேச்சற்றுப் போவது என்று மூன்று முடிவுகளை எழுதி வைத்திருந்தேன். மூன்றுமே அந்த ஒற்றை வரிக்குள் இருக்கின்றன. எல்லாம் சொன்ன குரலைப் பொறுத்தது. அக்கா எனக்கு வரியைத்தான் தந்தாள்.

"எப்படிச் சொன்னாங்க அதை?" என்று கேட்டேன்.

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டுமே" என்றாள்.

எனவே அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் வாயில் எப்படி வருகிறதோ, அப்படித்தான் தங்கை சொன்னாள்.