மிஸ்டர் பெப்பருக்கு வந்த ஆபத்து

டொபேகோ தீவில் குதிரைக்குக்கூடக் கிடைக்காத மரியாதை, ஈஸ்டரை அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்டுக்குக் கிடைக்கும். அன்றைக்கு பக்கூ ஊர் ஆட்டுப் பந்தயத் திடலில் எள் போட்டால் எள் விழாது. கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் வெயிலில் வெந்த நண்டு நிறமாகியிருந்தார்கள். டிரினிடாடிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் சோளக் கதிரைக் கடித்தபடி வேலியோரம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

லிஸ்ட்ரா வெள்ளை அரைக்கால் சட்டையும் மஞ்சள் பனியனும் போட்டு, வெறுங்காலோடு கயிற்றைப் பிடித்து நின்றாள். கயிற்றின் மறுமுனையில் அவள் கிடா மிஸ்டர் பெப்பர், ஊரையே விலைக்கு வாங்கியவர்போல் அசைபோட்டுக்கொண்டிருந்தார். தன் தலைக்கு மேல் கத்தி தொங்குவது அவருக்குத் தெரியாது.

கத்தியைத் தொங்கவிட்டது லிஸ்ட்ராவின் புருஷன் கெஸ்டன்தான். பயணிகளை அடிப்பக்கம் கண்ணாடி பதித்த படகில் ஏற்றிப் பவளப்பாறை காட்டுகிறவன் அவன். வருகிற சனிக்கிழமை அவன் அக்கா வெல்டாவின் மகளுக்குக் கல்யாணம். போன மாதம் ரம் உள்ளே போன தைரியத்தில், "இந்த வருஷமும் பெப்பர் ஜெயிக்கலேன்னா கல்யாணக் கறிக்கு அவன்தான்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். பக்கூவில் நாலு பேர் முன்னால் சொன்னது கல்லில் வெட்டின மாதிரி. தாய் ஒதுக்கிய குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபத்தில் லிஸ்ட்ரா அவனோடு சரியாகப் பேசியே பல நாள் ஆகிறது.

மிஸ்டர் பெப்பரின் யோக்கியதையும் ஊரறிந்ததுதான். போன வருஷம் பாதித் திடலில் படுத்துக்கொண்டார்.

வெல்டா குடையோடு வந்து கிடாவின் முதுகைத் தடவினாள். தடவினாளா, கறி எவ்வளவு தேறும் என்று பார்த்தாளா, கடவுளுக்கே வெளிச்சம்.

"பாவம், எவ்வளவு அழகா இருக்கான். இந்த வெயில்ல ஓடணுமே."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கே அண்ணி."

"ஓநாய் மசாலாவே அரைச்சு வச்சாச்சு லிஸ்ட்ரா. வெங்காயம்தான் பாக்கி."

லிஸ்ட்ரா பல்லைக் கடித்துக்கொண்டாள். தூரத்தில், முடிவுக் கோட்டுக்கு அப்பால், கெஸ்டன் வேலியில் சாய்ந்து நின்றான். தண்ணீரில் ஆடும் பயணிகளைப் படகுக்குத் திரும்பக் கூப்பிட அவன் ஊதும் பெரிய சங்கு தோளில் தொங்கியது. தினமும் காலையில் பெப்பரைக் கடலுக்குள் நீந்தவிடக் கூட்டிப்போவதும் அவன்தான். நீந்தினால்தான் பந்தயக் கிடாவுக்குக் கால் வலுக்கும். வெட்டப்போகிறவனுக்கு அந்த அக்கறை எதற்கு என்று லிஸ்ட்ராவுக்கு எரிச்சலாக வந்தது.

கிடாக்களை அடைத்திருந்த புறப்பாட்டுக் கூண்டின் கதவுகள் திறந்தன. ஏழு கிடாக்களும் சீறிப் பாய்ந்தன, பின்னாலேயே கயிறும் கையுமாக ஏழு பேர். ஆட்டுக்கு முன்னால் ஓடக்கூடாது, இழுக்கக்கூடாது, கயிற்றையும் விடக்கூடாது. பெப்பர் எடுத்த எடுப்பிலேயே எல்லோரையும் முந்தினார். லிஸ்ட்ராவுக்குச் சந்தோஷத்தில் மூச்சே முட்டியது. "அப்படித்தான் ராசா, அப்படித்தான்!"

யார் கண் பட்டதோ. பாதி வழியில் ஒரு சின்னப் பெண் வேலி இடுக்கில் சோளக் கதிரை நீட்டிக்கொண்டு நின்றாள். பெப்பர் நின்றார். முகர்ந்தார். நிதானமாக ஒரு கடி கடித்தார்.

திடலே சிரித்தது. சிவப்புப் பனியன் தாண்டிப் போனது, பின்னாலேயே நீலம்.

"ஐயா, சாமி, இது உன் உயிருடா. அப்புறம் மூட்டை மூட்டையா சோளம் வாங்கித் தரேன், வாடா." லிஸ்ட்ரா கெஞ்சினாள். குடைக்குக் கீழே வெல்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது நன்றாகத் தெரிந்தது.

அப்போது சங்கு ஊதியது. கூட்டத்தின் இரைச்சலையெல்லாம் அடக்கிக்கொண்டு, முடிவுக் கோட்டுக்கு அப்பாலிருந்து நீளமாக ஒலித்தது.

பெப்பரின் காதுகள் விடைத்தன. வாயிலிருந்த சோளம் கீழே விழுந்தது. அடுத்த கணம் அவர் பறந்தார். கயிறு லிஸ்ட்ராவின் உள்ளங்கையைச் சுட்டது. விட்டால் எல்லாம் போச்சு. அவள் ஓடினாளா, இழுபட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நீலம் பின்தங்கியது. சிவப்பு பக்கவாட்டில் வந்தது. கோட்டைத் தொட்டபோது பெப்பரின் மூக்கு மட்டும் முன்னால் இருந்தது.

அது போதும். திடல் அதிர்ந்தது.

பெப்பர் கோட்டில் நிற்கவில்லை. நேராகக் கெஸ்டனிடம் போய், வீட்டு அலமாரியைத் திறக்கிறவர்போல் அவன் சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்தார். தேங்காய்த் துண்டுகள் பொலபொலவென்று கொட்டின.

வெல்டா குடையை மடக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "இது செல்லாது. இவன் சங்கு ஊதிட்டான்."

பந்தயம் நடத்துகிற பெரியவர் சிரித்தார். "வெளியில நிக்கிறவங்க எதை வேணா ஊதலாம் வெல்டாம்மா. ஆட்டைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். கல்யாணத்துக்குக் கோழி அடிச்சுக்க."

லிஸ்ட்ரா மூச்சு வாங்கியபடி கீழே கிடந்த தேங்காய்த் துண்டைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். பல நாள் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எத்தனை நாளா இப்படிச் சங்கு ஊதி ஊட்டுற?"

கெஸ்டன் அவள் முகத்தைப் பார்க்காமல், குனிந்து கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"கல்யாணக் கறி ருசியா இருக்க வேணாமா? அதுக்காகப் போட்டதுதான்" என்றான். கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்துப் பெப்பருக்கு ஊட்டினான்.